ஒரு தடவை கூப்பிட்ட குரல்

பாய்க்குக் கீழே குளிர்கிறது. சித்திரை வெயில், வெளியே மணலில் கால் வைக்க முடியாது, கோயிலுக்குள் ஊரே முழங்காலில் நின்று வேர்த்து விசிறிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் நான் குப்புறக் கிடக்கிற இந்தப் பாய்க்கு அடியிலிருந்து மட்டும் குளிர் மெல்ல ஏறி நெஞ்சுக்கு வருகிறது, கிணற்றை எட்டிப் பார்க்கும்போது முகத்தில் வந்து படுமே, அந்த மாதிரி. நெற்றியைக் கைகளின்மேல் வைத்திருக்கிறேன். கோரைப்பாய் வாசனை, புது அங்கியின் கஞ்சி வாசனை, பின்பக்கப் பந்தலில் பிரியாணிக்கு வெங்காயம் வதங்குகிற வாசனை. மாடத்தில் பாடகர் ஒருவர் புனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், புனித மரியாயே, புனித மிக்கேலே, ஊர் பதில் சொல்கிறது, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். இந்த மன்றாட்டு முடிகிறவரைதான் நான் இப்படிக் கிடக்க வேண்டும். முடிந்ததும் எழுந்து போய் ஆயர் முன் மண்டியிடுவேன், அவர் வாய் திறக்காமல் என் தலைமேல் இரண்டு கைகளையும் வைப்பார், பிறகு ஒரு ஜெபம், அவ்வளவுதான் சடங்கு, அதற்கப்புறம் நான் குரு, செத்தாலும் குரு, யாராலும் அதைக் கழற்ற முடியாது. அதுவரை வெறும் லிகோரி. இப்போதுகூட எழுந்து பக்கவாசல் வழியாக மணலில் இறங்கிப் போய்விடலாம். எழத்தான் போகிறேன், எழுந்து எந்தப் பக்கம் போவேன் என்பதுதான் தெரியவில்லை. ஏனென்றால் என்னை யார் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை பேரும் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயர் இப்போதுதான் மறையுரையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குத் தெரியாது. குளிர் இப்போது தொண்டைக் குழிக்கு வந்துவிட்டது. பாய்க்குக் கீழே கல்லறை இருக்கிறது, அதனால்தான். எங்கள் சங்குமணல் கோயிலில் பீடத்துக்கு நேர்முன்னால், தரையோடு தரையாக, பழைய காலத்துச் சாமியார் ஒருவரின் கல்லறைப் பலகை. பெயரை ஊர்க்கால்கள் தேய்த்துவிட்டன, நடுவில் செதுக்கிய பூசைக் கிண்ணம் மட்டும் மிச்சம், அதன் விளிம்பு இப்போது என் நெஞ்செலும்பில் குத்துகிறது. ஊரில் மணல்சாமி என்பார்கள். மற்றவர்களை அடக்கம் செய்யும்போது கால் பீடத்தைப் பார்த்து இருக்கும், சாமியார்களுக்கு மட்டும் தலை பீடத்தின் பக்கம். என் தலையும் பீடத்தின் பக்கம். அவர் மல்லாந்து கிடக்கிறார், நான் குப்புறக் கிடக்கிறேன். நெற்றிக்கு நேராக நெற்றி, வாய்க்கு நேராக வாய், நடுவில் ஒரு கல். இதைக் காலையில் யோசித்திருக்கக் கூடாது, யோசித்துவிட்டேன், இனி மூச்சு விடும்போதெல்லாம் அவர் முகத்தில் விடுகிற மாதிரி இருக்கிறது.

புனித சூசையப்பரே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். முதல் பெஞ்சில் அம்மா இருக்கிறாள், பதில் சொல்லும்போது ஊரைவிட அரை நொடி பிந்தி அவள் குரல் தனியாக விழுகிறது. மீன் விற்ற குரல், நூறு பேர் சத்தத்திலும் தனியாகத் தெரியும். காலையில் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் எப்படியோ நுழைந்துவிட்டாள். இடைக்கச்சையை இழுத்துக் கட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, எய்யா, பேரைக் கூப்பிட்டதும் துள்ளிக்கிட்டுப் போயிராத, மூணாவதுக்குப் போ, என்றாள். யம்மா, இங்க ஒரு தடவைதான் கூப்பிடுவாங்க, அதுதான் முறை. அவிய முறை அவியளுக்கு, நான் சொன்னதைக் கேளு. நான் சிரித்தேன். ஆனால் குருமட அதிபர் ஃபாதர் பர்னபாஸ் ஒலிபெருக்கி முன் நின்று, திருத்தொண்டர் லிகோரி மச்சாது முன்வருக, என்றபோது என் கால் எழவில்லை. சத்தியமாக அம்மாவுக்காக இல்லை. உடம்பு எழவில்லை, சின்ன வயதிலிருந்து பழக்கிய உடம்பு. அம்மா மடியில் வைத்திருந்த கையில் ஒரு விரலைத் தூக்கினாள். ஃபாதர் பர்னபாஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி கூப்பிட்டார். இரண்டு விரல். எனக்குப் பின்னால் டெல்வின், போன வருசம் குருப்பட்டம் வாங்கியவன், என்னோடு ஒரே அறையில் குருமடத்தில் கிடந்தவன், பல்லுக்குள் முனகினான், எலேய், இன்னைக்குமா. குருமடம் முழுக்க என்னைப் பற்றி அவன் பரப்பிய பேச்சு ஒன்று உண்டு, லிகோரியக் கூப்பிடணும்னா மீன் ஏலம் போடுற மாதிரி போடணும்டா, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், அப்பத்தான் பய திரும்புவான். சாப்பாட்டு மேசையில் குழம்புக் கிண்ணத்தைக் கேட்டாலும் மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, இதோ வருகிறேன், என்று எழுந்து போனேன். பெண்கள் பக்கம் சிரிப்பு ஓடியது. ஆயர் நல்ல மனிதர், அவரும் சிரித்தார், அப்புறம் மறையுரையில் அதையே பிடித்துக்கொண்டார். கோயிலில் படுத்துறங்கிய சிறுவனை ஆண்டவர் திரும்பத் திரும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைத் திருமறையில் கேட்டிருக்கிறோம், இந்த மகனையும் இதே கோயிலில், பதினொரு வயதில், ஆண்டவர் மூன்று முறை கூப்பிட்டார், அந்தச் சாட்சியத்தை இவர் தாயார் தன் வாயால் பங்குச்சாமியாரிடம் சொல்லியிருக்கிறார், என்றார். ஊர் கைதட்டியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது ஒரே தடவைதான்.

ஒரே தடவை. உச்சி நேரம், கோயிலில் ஆள் இல்லை. மெழுகுவர்த்தித் தட்டில் உருகி உறைந்த மெழுகைச் சுரண்டி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன், அந்த வயதில் எல்லாப் பையன்களும் செய்கிற வேலை. நகக்கண்ணில் மெழுகு ஏறியிருந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெயில் இந்தப் பலகைமேல் சதுரமாகக் கிடந்தது, கிண்ணத்தின் விளிம்பு மின்னியது. கடல் சத்தம் நின்றிருந்தது. அது நிற்காது, எங்கள் ஊரில் பிறந்ததிலிருந்து அது நின்றதே இல்லை, அன்றைக்கு நின்றிருந்தது, நின்றதைக் கவனிக்கிற நேரத்தில், லிகோரி. சத்தமாக இல்லை. வாயைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி. ஆணா பெண்ணா என்று இதுவரை முடிவு செய்ய முடியவில்லை. கோபம் இல்லை, அன்பு என்றும் சொல்ல முடியாது. இருட்டறையில் கட்டிலில் கிடக்கிற ஒருவர், வாசலில் நீ நிற்பது தெரிந்து கூப்பிட்டால் எப்படி இருக்கும், அப்படி, பாதி மூச்சில். நான் யோசிக்கவே இல்லை. இந்தா வாறேன், என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன். எங்கே ஓடினேன்? வாசலுக்கு. வாசலில் யாருமில்லை, காய்கிற வலை, வலையின் நிழலில் ஒரு நாய், அது என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால், கோயிலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் அம்மா சாளைமீன் செதிள் உரித்துக்கொண்டிருந்தாள். யம்மா, கூப்பிட்டியா? இல்லையே. யாரோ கூப்பிட்டாங்க. எத்தனை தடவை? ஒரு தடவை. நீ என்ன சொன்னே? இந்தா வாறேன்னு சொன்னேன். கத்தி நின்றுவிட்டது. கையெல்லாம் செதிளோடு அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு கண்ணுக்குள் பார்த்தாள், நான் நானாகத்தான் இருக்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. எங்கள் கரையில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம் அது. மனுசன் கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிடுவான், மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும், பதில் வந்தால் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். எத்தனை தடவை சொல்லியிருந்தாள் எனக்கு, கதையாக, திட்டாக, தாலாட்டாகக்கூட. மறந்துவிட்டேன். சொல்லப்போனால் மறக்கவும் இல்லை, அந்தக் குரலுக்கு முன்னால் அது ஞாபகத்துக்கு வரவில்லை. அன்று சாயங்காலமே என்னைப் பங்குச்சாமியாரிடம் இழுத்துப்போனாள். என் மகனை ஆண்டவர் கோயிலுக்குள்ள வச்சு மூணு தடவை கூப்பிட்டாரு சாமி, என்றாள். நான் அவள் முந்தானைக்குப் பின்னாலிருந்து, மூணு இல்லம்மா, என்று சொல்ல வாய் எடுத்தேன், என் தோளை அழுத்தின விரல்கள் இப்போதும் அங்கே இருக்கின்றன, அங்கிக்குள், வலது பக்கம். பள்ளிக்கூடம் முடிந்ததும் இளங்குருமடம், அப்புறம் பெரிய குருமடம், எல்லா இடத்திலும் அந்த மூன்று எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

புனித அந்திரேயாவே. புனித யாகப்பரே. பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வெகுநாள் கழித்துத்தான் அவளிடம் கேட்டேன், விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஏம்மா அப்படிச் சொன்னே. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், பின்ன என்னத்தச் சொல்ல, அது உன்னைய அடையாளம் பாத்துட்டுப் போயிருச்சுல்ல, எப்ப வேணாலும் வந்து கைய நீட்டும், கோயிலுக்குக் குடுத்துட்டா அது உள்ள வராது, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா? அப்படித்தான் சொன்னாள், குழம்புச் சட்டியோடு. அன்றிலிருந்து இதே முள்தான். நான் அழைக்கப்பட்டவனா, ஒளித்துவைக்கப்பட்டவனா? மற்றவர்கள் ஆண்டவருக்குப் பக்கத்தில் போவதற்காகக் குருமடத்துக்கு வந்தார்கள், என்னை வேறொன்றிடமிருந்து தூரமாக்குவதற்காக அனுப்பினார்கள். ஜெபிக்கும்போது எல்லோரும் முன்னால் பார்த்து ஜெபிப்பார்கள், நான் முதுகால் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது இந்தக் கைகள் என் தலைமேல் வந்துவிட்டால் அம்மாவின் கணக்குப்படி கதவு சாத்தியாகிவிடும், அது வெளியே, நான் உள்ளே, என்றென்றைக்கும். பயந்து ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டவன் குருவா? நாளைக்கு முதல் பூசை வைப்பேன், அடுத்த மாதம் ஏதோ ஒரு ஊருக்கு அனுப்புவார்கள், கதவுக்கு வெளியே நின்று ஒருவர் சாமி என்று கூப்பிடுவார், நான் உள்ளே உட்கார்ந்து ஒரு தரம், ரெண்டு தரம் என்று எண்ணிக்கொண்டிருப்பேனா. இதில் ஒரு விசயம் இடிக்கிறது. அது உள்ளே வராது என்கிறாள். ஆனால் அது வெளியிலிருந்து கூப்பிடவில்லையே. நாய் உள்ளேதானே பார்த்தது. குரல் வந்த இடத்திலிருந்துதான் நான் வாசலுக்கு ஓடினேன், இந்தா வாறேன் என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கமாக ஓடினேன். அப்படியானால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இத்தனை வருசமாக நான் வரவில்லை. யாரோ காத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே? பாய்க்கு அடியில் ஏதோ லேசாக நகர்ந்தது. இல்லை, என் இதயம்தான், கல் அதைத் திருப்பித் தருகிறது. ஆனால் என் இதயம் இவ்வளவு மெதுவாகவா அடிக்கிறது?

புனித சவேரியாரே. இந்தப் பெயருக்கு மட்டும் ஊர் கூரை அதிரப் பதில் சொல்லும், எங்கள் கடற்கரை அப்படி. வேண்டிக்கொள்ளும் என்கிற சத்தம் தரைக்குள் இறங்கி என் பல்லில் அதிர்கிறது. இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. இந்தப் பெயர்கள் எல்லாம் செத்தவர்களின் பெயர்கள். செத்தவர்களை நாம் எத்தனை தடவை கூப்பிடுகிறோம்? ஒரு தடவை. ஒரு ஆளுக்கு ஒரு தடவை, உடனே அடுத்த பெயர். அந்தப் பக்கத்தில் எங்கேயோ மீன் உரித்துக்கொண்டோ வலை பின்னிக்கொண்டோ இருக்கிற ஒருவர் தன் பெயரை ஒரே தடவை கேட்கிறார், ஆள் தெரியவில்லை, பாதி மூச்சுக் குரல். அவருக்குப் பக்கத்திலும் ஒரு தாய் இருந்து, திரும்பாதே, மூணாவதுக்குத் திரும்பு, என்று கன்னத்தைப் பிடித்தால் நம் கதி என்ன? ஆனால் அவர்கள் திரும்புகிறார்கள். எனக்குத் தெரிகிறது, தலைக்கு மேலே இல்லை, என்னைச் சுற்றி இந்தத் தரை மட்டத்தில், ஒவ்வொரு பெயருக்கும் யாரோ வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து திரும்புகிற அங்கிச் சலசலப்பு. முதல் தடவை கூப்பிட்டதற்கே. அதற்குப் பெயர்தானோ புனிதம்? கழுத்துக்குப் பின்னால் காற்று ஆடுகிறது. மின்விசிறி என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொண்டே கீழே இருப்பவரை நினைக்கிறேன். அம்மா இவர் கதையை எப்போதும் மிரட்டுவதற்காகத்தான் சொல்வாள். வாந்திபேதிக் காலம், வீட்டுக்கு வீடு பிணம், எடுக்க ஆளில்லை. இதே மாதிரி உச்சி வெயில். சாமியார் பங்களாவில் சாமியார் சோற்றில் கை வைத்தபோது வெளியே யாரோ, சாமி, என்று கூப்பிட்டார்கள். ஒரு தடவை. சாமியார் கையை உதறிவிட்டு எழுந்தார், நற்கருணை அப்பம் வைத்த சிமிழை எடுத்து அங்கிக்குள் வைத்தார். உபதேசியார் ஓடிவந்து அங்கியைப் பிடித்தாராம், போகாதிய சாமி, இன்னும் ரெண்டு தடவை கூப்பிடட்டும். அதற்குச் சாமியார் ஒன்று சொன்னார், அம்மா அந்த இடத்தில் உதட்டைப் பிதுக்குவாள், சொன்னாராம் பெரிய இவராட்டம், சாகப்போறவனுக்கு மூணு தடவை கூப்பிட மூச்சு இருக்குமாய்யா. வெளியே போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. இல்லை என்று திரும்பவும் இல்லை, மணலில் இறங்கி நடந்தார். மறுநாள் தேரி மணல்மேட்டுக்கு அந்தப்புறம், வீடோ குடிசையோ இல்லாத பொட்டலில், முழங்காலில் நின்றபடி செத்திருந்தார், பாதி உடம்பு மணல் மூடி. ஒரு கை நீட்டியபடி இருந்தது, யாருக்கோ கொடுக்கிற மாதிரி. சிமிழ் திறந்திருந்தது, உள்ளே அப்பம் இல்லை. ஊரில் ஒவ்வொரு வீடாகக் கேட்டார்கள், யார் வாங்கினது, யாரும் வாங்கவில்லை. பாத்தியா, என்று அம்மா முடிப்பாள், முதல் சத்தத்துக்குப் போனா இதான். நானும் ஒவ்வொரு தடவையும் பாத்தியாவில்தான் பயந்தேன்.

இப்போது அவர் வாய்க்கு நேராக என் வாய். கதை அதேதான், ஒரு சொல் மாறவில்லை, ஆனால் மேலிருந்து கேட்கிற மாதிரி இல்லை, கீழிருந்து கேட்கிறது, உதட்டைப் பிதுக்காமல். மூச்சு இருக்குமாய்யா. யார் கூப்பிட்டது என்று அவருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டு போகவில்லை. யாரோ வாங்கியிருக்கிறார்கள், சிமிழ் காலியாக இருந்ததே. பேயோ பிசாசோ, பசித்திருந்தது எதுவோ அதற்குக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார், கூப்பிட்டவனின் சாதி சனம் விசாரிக்கவில்லை, உயிரோடு இருக்கிறானா என்றுகூட விசாரிக்கவில்லை. நான் வருசக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிட்டது ஆண்டவர்தான் என்று எழுதிக் கொடுத்தால் எழுகிறேன் என்று கிடக்கிறேன். மேலே பெயர்கள் தீர்ந்துவிட்டன. கடைசியில் என் பாதுகாவலரின் பெயரையும் சேர்த்திருந்தார்கள், புனித லிகோரியாரே, காதைத் தீட்டிக்கொண்டேன், ஆனால் அது மாடத்துப் பாடகரின் குரல்தான், ஊர் பதில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டது. இனி எனக்கான மூன்று வேண்டுதல்கள் மட்டும் பாக்கி. தேர்ந்துகொள்ளப்பட்ட இவரை ஆசீர்வதித்தருளும். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். இவரை ஆசீர்வதித்துப் புனிதப்படுத்தியருளும். எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். முதல் பெஞ்சில் அம்மா இரண்டு விரல்களைத் தூக்கியிருப்பாள், பார்க்காமலே தெரிகிறது. மூன்றாவது பாடியானதும் ஆயர் ஜெபிப்பார், ஜெபித்து முடிந்ததும் எழலாம், முறைப்படி, பத்திரமாக. பாடகர் மூச்சு இழுக்கிறார். அந்த இழுப்புக்கும் பாட்டுக்கும் நடுவில் மின்விசிறிகள் ஓய்கின்றன, பந்தலில் பாத்திரச் சத்தம் ஓய்கிறது, கடல் நிற்கிறது. எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று. நகக்கண்ணில் மெழுகு இருக்கிறது. லிகோரி. அதே பாதி மூச்சு. கல்லுக்கு அந்தப் பக்கமிருந்தா, என் விலாவுக்குள்ளிருந்தா, இனி நான் போகப்போகிற ஏதோ ஊரின் ஏதோ கட்டிலிலிருந்தா, அளக்க நேரமில்லை, அந்த மூச்சில் இன்னொரு தடவைக்கு இடமில்லை என்பது மட்டும் கேட்கிறது. இந்தா வாறேன். பாயில் உதடு உரசச் சொல்கிறேன், எதிர்ப்பக்கமாக இல்லை, குரல் வந்த இடத்திலேயே வாயை வைத்துச் சொல்கிறேன், கையை ஊன்றுகிறேன், எழுகிறேன். ஊர் முழுவதும் முழங்காலில் இருக்க நான் மட்டும் நிற்கிறேன். எலேய், இன்னும் முடியல, படு, என்று டெல்வின் பல்லுக்குள் அலறுகிறான். மூன்றாவது வேண்டுதல் பாடகரின் தொண்டையில் மாட்டிக்கொண்டு, பிறகு நடுங்கி நடுங்கி, நிற்கிறவனைப் பார்த்து வருகிறது. அம்மா என்னைப் பார்க்கிறாள். இரண்டு விரல்கள் அந்தரத்தில் நிற்கின்றன. மூன்றாவதை அவள் தூக்கவில்லை. நான் எதைக் கேட்டு எழுந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, செதிள் கையோடு என் கன்னத்தைப் பிடித்த அதே கண், ஆனால் இந்தத் தடவை அவள் பிடிக்க வரவில்லை, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கையை மடியில் போட்டுக்கொள்கிறாள். நான் ஆயரைப் பார்த்து நடக்கிறேன். நேற்றே கழுவித் துடைத்த தரை, புதுப்பாய், ஆனாலும் அங்கியின் நெஞ்சிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டே வருகிறது, காலுக்குக் கீழே நறநறக்கிறது. மண்டியிடும்போது முதுகுக்குப் பின்னால், வெகுகாலம் அடக்கிவைத்திருந்த மூச்சு ஒன்றை யாரோ மெல்ல விடுகிறார்கள். அது அம்மாவாகவும் இருக்கலாம்.